40 போனிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கிளினிக்குக்கு முன்பதிவுத் தளம் செய்கிறோம். எங்கள் போன்களில் எல்லாம் சரியாக ஓடுகிறது. கிளினிக் நிர்வாகி 40 மாடல்களின் பட்டியலைக் கொடுத்து, 'எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்' என்கிறார். சில போன்களில் வெறும் வெள்ளைத் திரை வருகிறது. சிலவற்றில் கீழே இருக்கும் 'உறுதி செய்' பொத்தான் தெரிவதில்லை. சிலர் ஓடிபி பார்த்துவிட்டுத் திரும்பினால் படிவம் காலியாகிவிடுகிறது. மாடல் மாடலாகச் சரிசெய்வதா, மொபைலுக்குத் தனித் தளமா, இல்லை ஆப்பே செய்துவிடலாமா?

பதில்: அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. போனின் பெயர் அவற்றில் ஒன்றில்கூட வராது. காரணத்தைச் சரிசெய்தால், பட்டியலில் இல்லாத போனிலும் சேர்த்தே சரியாகிவிடும்.

வெள்ளைத் திரையிலிருந்து தொடங்குகிறேன். பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லும் எச்டிஎம்எல்லும் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸும் பொறுமைசாலிகள். தெரியாத டேக் (எச்டிஎம்எல் குறியீடு) வந்தாலும் பிரவுசர் உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிடும். புரியாத சிஎஸ்எஸ் வரி வந்தால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பிரவுசருக்குத் தெரியாத இலக்கணம் ஒரே ஓர் இடத்தில் இருந்தாலும் அந்தக் கோப்பையே ஓட்டாது. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதுகிறோமே, ஆப்ஷனல் செயினிங் (மதிப்பு இல்லாவிட்டால் பிழை காட்டாமல் நின்றுகொள்ளும் எழுத்துமுறை), அதையே எடுத்துக்கொள்ளுங்கள். குரோமில் 2020 பிப்ரவரியில் 80-ஆம் பதிப்பில்தான் அது வந்தது. சஃபாரியில் அடுத்த மாதம் 13.1-இல். அதற்கு முந்தைய பதிப்பு உங்கள் கோப்பைத் திறந்ததும் நிரலாளர் பார்க்கும் கன்சோலில் ஒரு பிழைச் செய்தி விழும், பார்ப்பவருக்கு வெள்ளைத் திரை. ரியாக்ட் மாதிரி ஏதோ ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) வைத்துப் பக்கம் முழுவதையும் போனிலேயே கட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இல்லாவிட்டால் தலைப்பாவது தெரிந்திருக்கும்.

'பழைய பிரவுசருக்குப் புரியும்படி பில்டில் (கோடை இறுதிக் கோப்பாகத் தொகுக்கும்போது) மாற்றித்தானே கொடுக்கிறோம்' என்பீர்கள். பல பில்ட் அமைப்புகள் நீங்கள் எழுதிய கோடை மட்டும் மாற்றும்; வெளியிலிருந்து எடுத்துப்போட்ட லைப்ரரிகளைத் தொடாமல் அப்படியே சேர்த்துவிடும். தேதி காட்டும் காலண்டர் லைப்ரரியை முதலில் சந்தேகப்படுங்கள். சர்வரில் ஏறும் இறுதிக் கோப்பைத் திறந்து அந்தக் கேள்விக்குறி-புள்ளியைத் தேடினால் விடை கிடைத்துவிடும்.

அதை மாற்றிவிடலாம், சரி. அடுத்த லைப்ரரியோடு அடுத்த புது இலக்கணம் வரும். அதனால் அடித்தளத்தையே வேறு மாதிரி போடச் சொல்வேன். முன்பதிவுப் படிவத்தை சர்வரிலிருந்தே முழு எச்டிஎம்எல்லாக அனுப்புங்கள். பெயர், தேதி, நேரம், ஒரு சப்மிட் பொத்தான், அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட் துளியும் ஓடாத போனிலும் பதிவு முடிய வேண்டும். அழகான காலண்டரும், காலி நேரத்தை உடனுக்குடன் காட்டுவதும் அதன் மேல் ஏறட்டும். பிபிசி செய்தித் தளக் குழு 2012-இல் இந்த வழியில்தான் போனது: பிரவுசரில் குறிப்பிட்ட சில வசதிகள் உண்டா என்று சின்ன சோதனை, இருந்தால் மேல்வேலைப்பாடு இறங்கும், இல்லாவிட்டால் எளிய பக்கம். இன்று ஸ்கிரிப்ட் டேகில் 'மாட்யூல்' என்று வகை குறித்தாலே மிகப் பழைய பிரவுசர்கள் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் குரோமுக்கு மாட்யூல் 2017-லேயே வந்துவிட்டது. அதற்கும் 2020-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பதிப்புகளுக்காக பில்ட் இலக்கை (எவ்வளவு பழைய பிரவுசர் வரை ஓட வேண்டும் என்ற அமைப்பை) கொஞ்சம் கீழே இறக்கத்தான் வேண்டும், வெளி லைப்ரரிகளையும் சேர்த்து.

பொத்தான் மறைவது சீக்கிரம் முடியும். பக்க உயரம் 100 விஎச், அதாவது திரையின் முழு உயரம், என்று கொடுத்திருப்பீர்கள். மொபைலில் அது அட்ரஸ் பார் சுருங்கிய பிறகு கிடைக்கும் உயரம். பார் விரிந்து நிற்கும்போது பக்கத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். இதற்காக வந்த அலகுதான் டிவிஎச், பார் விரிவதற்கும் சுருங்குவதற்கும் ஏற்ப அது மாறும். சஃபாரி 15.4, குரோம் 108, இரண்டும் 2022-இல் அதை ஏற்றன. விஎச் வரியை முதலிலும் டிவிஎச் வரியை அதற்குக் கீழேயும் எழுதுங்கள். பழைய பிரவுசர் இரண்டாவதைப் புறக்கணித்துவிடும். என்னைக் கேட்டால் உயரத்தைக் கட்டிப்போடவே வேண்டாம். கிளினிக் தளம் என்பதால் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் வயதானவர்கள் நிறையப் பேர் வருவார்கள். உயரம் நிலையாக இருந்தால் அவர்களுக்குத்தான் முதலில் பொத்தான் காணாமல் போகும்.

ஓடிபி விஷயத்துக்கு வருவோம். ரேம் குறைந்த போனில் பிரவுசரை விட்டு மெசேஜ் ஆப்புக்குப் போனவுடன், இடம் போதாமல் இயங்குதளம் உங்கள் பக்கத்தை மூடிவிடுகிறது. திரும்பி வரும்போது புதிதாக லோட் ஆகிறது, படிவம் காலி. உங்கள் போனில் ரேம் தாராளம், அதனால்தான் இது உங்கள் கண்ணில் படவில்லை. முதல் பக்கத்தின் விவரங்களை ஓடிபி கேட்பதற்கு முன்பே சர்வரில் தற்காலிகப் பதிவாக வைத்துவிடுங்கள். திரும்பி வருபவருக்கு விட்ட இடம் கிடைக்கும். போனிலேயே செஷன் ஸ்டோரேஜில் (பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பிடத்தில்) சேமிப்பதும் உண்டு. நோய் விவரத்தை அதில் போடாதீர்கள். ஓடிபி பெட்டியின் ஆட்டோகம்ப்ளீட்டில் 'ஒன்-டைம்-கோட்' என்று குறித்தால், ஐபோன் அந்த எண்ணைக் கீபோர்டுக்கு மேலேயே காட்டும், வெளியே போகவே வேண்டாம்.

பக்கம் கனமாக இருப்பதும் ரேமைத் தின்னும். 4000-க்கு 3000 பிக்சல் படம், ஃபைல் அளவு எவ்வளவு சுருங்கியிருந்தாலும், விரித்து வைக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி பிடிக்கும். முகப்பில் மருத்துவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றனவா? ஒரே படத்தைப் பல அளவுகளில் பட்டியலிடும் எஸ்ஆர்சிசெட் வைத்து, திரைக்கு ஏற்ற அளவில் அனுப்புங்கள்.

மொபைலுக்குத் தனித் தளம் வேண்டாம். போன் மாடலைக் கண்டுபிடித்து அதற்கேற்பப் பக்கம் அனுப்புவது பழைய வழக்கம். ஒரே பக்கம் திரை அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ரெஸ்பான்சிவ் முறையை 2010-இல் வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் எழுதியதற்குப் பிறகு மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. பிரவுசர் தன்னைப் பற்றி அனுப்பும் குறிப்பான யூசர் ஏஜென்ட்டை மட்டும் நம்பி இப்போது செய்ய நினைத்தாலும் நடக்காது. 2023 முதல் ஆண்ட்ராய்டு குரோம் எந்தப் போனாக இருந்தாலும் 'ஆண்ட்ராய்டு 10, மாடல் கே' என்றுதான் யூசர் ஏஜென்ட்டில் சொல்கிறது.

சோதனைக்கு 40 போன் வாங்க வேண்டாம், நாலைந்து போதும். குறைந்த ரேம் உள்ள மலிவான ஆண்ட்ராய்டு ஒன்று கட்டாயம். நடுத்தர ஆண்ட்ராய்டு ஒன்று. அப்புறம், ஓஎஸ் அப்டேட் நின்றுபோன ஐபோன் ஒன்று. பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆண்ட்ராய்டில் குரோம் ஓஎஸ்ஸோடு ஒட்டாமல் தனியாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்கும் எல்லை உண்டு, 2025-இல் வந்த 139-ஆம் பதிப்பு ஆண்ட்ராய்டு 10-ஆவது கேட்கிறது. ஐபோனில் சஃபாரியின் எஞ்சின் (பக்கத்தை வரைந்து ஓட்டும் உள்பகுதி, பெயர் வெப்கிட்) ஐஓஎஸ்ஸோடு வருவது. ஓஎஸ் நின்றால் அதுவும் நின்றுவிடும். அதே போனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது அந்தப் பழைய வெப்கிட்தான். (ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல், புதிய ஐஓஎஸ்ஸில், வேறு எஞ்சினுக்கு அனுமதி உண்டு.) ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்களுக்குள் லிங்க்கைத் தட்டித் திறந்தும் ஒருமுறை பதிவை முடித்துப் பாருங்கள். கணினி குரோமில் போன் திரை மாதிரி காட்டும் டிவைஸ் மோட் அகலம் பார்க்க உதவும். எஞ்சின் உங்கள் கணினியுடையது என்பதால் மேலே சொன்ன மூன்று தொல்லைகளில் ஒன்றையும் அது காட்டாது.

நிர்வாகியிடம் ஒப்பந்தத்தில் 'ஒரே மாதிரி' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். 'எந்தப் போனிலும் பதிவு முடியும். தோற்றம் பிரவுசருக்கு ஏற்ப மாறலாம்' என்று எழுதுங்கள். எளிய படிவத்தில் பதிவு முடிவதை பழைய போனில் நேரில் காட்டினால் அவர் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஆப் பற்றிக் கேட்டீர்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை மருத்துவரைப் பார்ப்பவர் அதற்காக ஆப் இறக்கமாட்டார், ரேம் குறைந்த போனில் ஆப்பும் அதே பாடுதான் படும். அடிக்கடி வருபவர்களுக்காகப் பின்னால் செய்தாலும், 'ஆப்பை இறக்குங்கள்' என்ற பட்டையைப் படிவத்துக்கு மேல் வைக்காதீர்கள். சின்னத் திரையில் அதுவே பாதி இடத்தை அடைத்துவிடும்.