அமெரிக்கக் கால்பந்தில் டிஃபென்சிவ் லைன்மேன் ஒருவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? ஒருவரை மட்டும் சொல்வதென்றால் யாரைச் சொல்வீர்கள்?

ஆலன் பேஜ். இந்தக் கேள்விக்கு என்னிடம் வேறு பெயர் கிடையாது.

வேலை நிமித்தமாக மினியாபொலிஸில் சில ஆண்டுகள் இருந்தேன். அந்த ஊரில் செப்டம்பர் வந்துவிட்டால் அலுவலகத்தில் திங்கட்கிழமைப் பேச்சு முழுக்க மினசோட்டா வைகிங்ஸ் அணிதான். அப்படித்தான் இந்த ஆட்டமும் பேஜும் எனக்கு அறிமுகம். அங்கே நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் "ஜட்ஜ் பேஜ்தானே" என்பார்கள். அறுபது வயதுக்காரர்களிடம் சொன்னால் கண் விரியும், எழுபத்தொன்றாம் வருட ஆட்டங்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே ஆள்தான்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில், அதை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். அவரைக் காக்க முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் நிற்பார்கள். அந்த ஐந்து பேருக்கு நேர் எதிரே, கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் மூன்று நான்கு பேர்தான் டிஃபென்சிவ் லைன். கபடியில் பாடி வருபவரைக் கூட்டாக மடக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே மடக்க வேண்டிய ஆளை எட்டுவதற்கே முதலில் ஒரு மனிதச் சுவரை உடைக்க வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைக் கீழே சாய்த்துவிட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். இதையெல்லாம் செய்து முடிக்க மூன்று விநாடி கிடைத்தால் அதிகம். ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது முறை இந்த மோதல் நடக்கும். விரல், முழங்கால், தோள்பட்டை எல்லாம் தேயும். பெரும்பாலானவர்கள் சில ஆண்டுகளிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள்.

என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் பேஜ் பதினைந்து சீசன் ஆடினார், 1967 முதல் 1981 வரை. லீக் ஆட்டங்கள் மட்டும் 218. அவருடைய அணிகளுக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளில் இருந்த மொத்த ஆட்டங்களும் 218தான். அதாவது ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. மற்ற சாதனைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் பார்த்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

1945இல் ஒஹாயோ மாநிலத்தில் கேண்டன் என்ற எஃகு ஆலை நகரத்தில் பிறந்தவர். அப்பா ஒரு மதுக்கூடத்தை நடத்தினார். பதின்மூன்று வயதில் அம்மாவை இழந்தார். அந்த ஊர்ப் பையன்கள் பலர் பள்ளி முடிந்ததும் ஆலைக்குத்தான் போனார்கள். இவருக்கோ சின்ன வயதிலிருந்தே வக்கீல் ஆக வேண்டும் என்ற ஆசை. தொலைக்காட்சியில் பார்த்த ஒரு வக்கீல் தொடர் அதற்கு ஒரு காரணம். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு ஒன்பது வயது நிரம்பவில்லை. கால்பந்து ஆட ஆரம்பித்ததெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசை முக்கியம். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம், இருப்பதும் அதே கேண்டனில்தான். 1960களின் தொடக்கத்தில் அதைக் கட்டியபோது, பேஜ் அங்கே கூலி வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1966இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றதில் பங்கு பெற்று, அடுத்த ஆண்டே வைகிங்ஸுக்கு வந்தார். அங்கே கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், இவர் என்று நால்வர் கூட்டணி அமைந்தது. சீருடை நிறத்தை வைத்து 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்' என்று பெயர் எடுத்தவர்கள். பேஜ் வலது டிஃபென்சிவ் டாக்கிள், அதாவது நடுப்பகுதியில் ஆடுபவர். அந்த இடத்துக்கு நல்ல பருமனான ஆள் வேண்டும் என்பது அப்போதும் இப்போதும் உள்ள வழக்கம். இவர் ஏறத்தாழ 111 கிலோதான். இன்று அதே இடத்தில் ஆடுபவர்கள் பலர் 135 கிலோவைத் தாண்டுவார்கள். பழைய படச்சுருள்களைப் பார்த்தால் அவர் எப்படிச் சமாளித்தார் என்பது தெரியும்: பந்து அசைந்த கணத்திலேயே கிளம்பிவிடுவார். எதிரே நிற்பவர் நிமிர்ந்து கையை நீட்டுவதற்குள் பேஜின் தோள் அவரைக் கடந்திருக்கும். தன்னை முட்டித் தள்ளும் வாய்ப்பையே அவர் எதிராளிக்குக் கொடுப்பதில்லை.

1971இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை அசோசியேட்டட் பிரஸ் அவருக்குக் கொடுத்தது. அதுவரை தற்காப்பு ஆட்டக்காரர் யாருக்கும் அது கிடைத்ததில்லை. அதற்குப் பிறகும் ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது: 1986இல் லாரன்ஸ் டெய்லருக்கு. பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகளுக்குப் போகும் விருது அது. அதை நடுவில் நின்று முட்டுகிற ஒருவர் வாங்கினார் என்றால் அந்த வருடம் அவர் ஆடிய ஆட்டம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

வைகிங்ஸ் அவர் காலத்தில் நான்கு முறை சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்துக்குப் போனது, நான்கிலும் தோற்றது. மினசோட்டாக்காரர்களிடம் இதைப் பேச்சுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. சாக் எண்ணிக்கையிலும் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. லீக் அதை அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1982இல், அவர் ஓய்வு பெற்ற மறு சீசனில்! பிற்காலத்தில் பழைய பதிவுகளைப் பார்த்து எண்ணியவர்கள் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். எந்தத் தொகையை எடுத்தாலும் டாக்கிளாக ஆடியவர்களில் அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

சரி, நான் அவரைத் தேர்ந்தெடுத்த காரணத்துக்கு வருகிறேன்.

விளையாட்டு வீரர்களிடம் "ஓய்வுக்குப் பிறகு என்ன?" என்று கேட்பது வழக்கம். பேஜ் அந்தப் 'பிறகு' வரும்வரை காத்திருக்கவில்லை. வைகிங்ஸில் சேர்ந்த புதிதிலேயே சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களில் விட்டுவிட்டார். அதோடு பலருக்கு ஆசை அடங்கியிருக்கும். இவர் 1970களின் நடுவில், லீகிலேயே பேர் போன ஆட்டக்காரராக இருக்கும்போது, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். 1978இல் பட்டம் வாங்கினார். உடம்பெல்லாம் வலியோடு போய் ஒப்பந்தச் சட்டமும் சொத்துச் சட்டமும் படிப்பதை என்னால் கற்பனை செய்து பார்க்கக்கூட முடியவில்லை. நான் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்தவன். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கே எட்டு மணி வகுப்பில் கண் சொக்கும்.

அதே ஆண்டுகளில் வீரர்கள் சங்கத்திலும் முன்னணியில் இருந்தார். அணியின் பிரதிநிதி, சங்கத்தின் செயற்குழு உறுப்பினர். ஒப்பந்தம் முடிந்த வீரரை இன்னொரு அணி எடுத்தால் பழைய அணிக்கு இழப்பீடு தர வேண்டும், இரு அணிகளும் ஒத்துப்போகாவிட்டால் அதை லீக் ஆணையரே நிர்ணயிப்பார் என்று அப்போது ஒரு விதி இருந்தது. அதனால் யாரும் யாரையும் எடுக்கத் துணிவதில்லை. வீரர்கள் அதை எதிர்த்து மினியாபொலிஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்காடி 1975இல் வென்றார்கள். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் நின்றது. இப்படிச் சங்கத்தில் முன்னால் நிற்பவரை அணி நிர்வாகங்கள் அவ்வளவாக விரும்புவதில்லை, எந்த நாட்டிலும்.

அப்புறம் ஓட்டம். மனைவி டயான் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார். இவரும் கூடப் போனார், பிடித்துப்போயிற்று. நீண்ட தூரம் ஓட ஓட எடை இறங்கியது, 100 கிலோ அளவுக்கு வந்துவிட்டார். இந்த எடையில் அவரால் பழையபடி ஆட முடியவில்லை என்று தலைமைப் பயிற்சியாளர் பட் கிராண்ட் முடிவு செய்தார். 1978 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே வைகிங்ஸ் அவரை விடுவித்தது. பதினொரு முழு சீசன் ஆடிய, அணியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஆட்டக்காரரை! சிகாகோ பேர்ஸ் அணி நூறு டாலர் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு சிகாகோவில் பயிற்சியாளராக இருந்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங், தற்காப்புக்குப் பொறுப்பான பட்டி ரையன் இருவருமே முன்பு வைகிங்ஸில் வேலை பார்த்தவர்கள். பேஜால் என்ன முடியும் என்று அவர்களுக்கு நேரடியாகத் தெரியும்.

கிராண்ட் பெரிய பயிற்சியாளர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர் கணக்குத் தப்பு என்பதுதான் என் எண்ணம். 'ஆட முடியாதவர்' அதற்குப் பிறகு சிகாகோவில் 1981 வரை ஒரு ஆட்டமும் விடாமல் ஆடினார். அதற்கு நடுவிலேயே 1979இல் முழு மாரத்தான் ஓடி முடித்தார். லீகில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரத்தானை முடித்த முதல் ஆள் அவர். அதே ஆண்டிலிருந்து மினியாபொலிஸில் ஒரு சட்ட நிறுவனத்திலும் வேலை பார்த்தார். ஒரே மனிதர் ஒரே நேரத்தில் செய்த வேலைகள் இவை.

1988இல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், ஒரு காலத்தில் அவர் கூலி வேலை பார்த்த அதே கட்டடத்தில். இந்த விழாவில் வீரரை மேடைக்கு அழைத்துப் பேச ஒருவரை வீரரே தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் பழைய பயிற்சியாளரோ கூட ஆடியவரோதான் வருவார்கள். பேஜ் தேர்ந்தெடுத்தது வில்லரீன் பீஸ்லியை. மினியாபொலிஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. தன் ஏற்புரையிலும் படிப்பைப் பற்றித்தான் பேசினார். வைகிங்ஸில் ஆடியபோது அணியின் வியூகப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் திணறிய சக வீரர்களைப் பார்த்திருக்கிறார். எல்லோரும் கல்லூரியைக் கடந்து வந்தவர்கள்! பந்து ஆடத் தெரிகிறது என்பதற்காகப் பள்ளியும் கல்லூரியும் அவர்களைத் தள்ளிவிட்டிருக்கின்றன. இந்தக் கோபம் அவரிடம் குறையவே இல்லை.

ஆட்டம் முடிந்த பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் சில ஆண்டுகள். 1992இல் மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் போட்டியிட்டார். அங்கே அந்தப் பதவிக்கு மக்களே வாக்களிக்கிறார்கள், ஆறு ஆண்டுக்கு ஒரு முறை. நடைமுறையில் நீதிபதிகள் பாதியிலேயே ஓய்வு பெறுவார்கள், ஆளுநர் தன் ஆளை நியமிப்பார், வெளியாளுக்கு இடமே கிடைக்காது. அந்த ஆண்டும், பதவிக்காலம் முடியவிருந்த ஒரு நீதிபதிக்கு ஆளுநர் ஆர்னி கார்ல்சன் காலத்தை நீட்டிக்கொடுத்தார். தேர்தலே இல்லை என்றாகிவிட்டது. பேஜ் ஆளுநர் மீது வழக்குப் போட்டார். பதவியில் இருந்த நீதிபதிகள் தங்கள் சக நீதிபதி சம்பந்தப்பட்ட வழக்கை விசாரிப்பது சரியல்ல என்று விலகிக்கொள்ள, அவர்களுக்குப் பதிலாக அமர்ந்தவர்கள் விசாரித்தார்கள். பேஜ் வென்றார், தேர்தல் நடந்தது, அதிலும் வென்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர். என்னைக் கேட்டால் 1971 விருதைவிட இது பெரிய ஆட்டம். மறுபடி மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டு, எழுபது வயதில் கட்டாய ஓய்வு என்ற விதிப்படி 2015இல் இறங்கினார்.

நான் அவரை நேரில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அக்டோபரில் நடக்கும் ட்வின் சிட்டீஸ் மாரத்தானின்போது, ஓடுபவர்களுக்கு உற்சாகமூட்ட அவர் சாலையோரம் நின்று சூசஃபோன் வாசிப்பார். உடம்பைச் சுற்றிக்கொள்ளும் பெரிய பித்தளை ஊதுகருவி அது. பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் யார் என்று தெரிந்தது. குளிரில் விடாமல் ஊதிக்கொண்டிருந்தார்.

2017இல் மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. முன்பு அதற்கு அலெக்சாண்டர் ராம்சி பெயர் இருந்தது. டகோட்டா பழங்குடியினரை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் விரட்ட வேண்டும் என்று சொன்ன 19ஆம் நூற்றாண்டு ஆளுநர். அந்தப் பெயர் வேண்டாம் என்று கிளம்பியவர்கள் அங்கே படித்த பிள்ளைகள். 2018இல் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான பிரசிடென்ஷியல் மெடல் ஆஃப் ஃப்ரீடமும் கிடைத்தது. அதே ஆண்டில்தான் டயான் காலமானார்.

இருவரும் சேர்ந்து 1988இல் தொடங்கிய பேஜ் கல்வி அறக்கட்டளை, மினசோட்டாவின் வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பணம் வாங்கும் மாணவர் ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் படிப்புக்கு உதவ வேண்டும். இந்த நிபந்தனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் பக்கத்தில் உதவித்தொகை கொடுக்கும் சங்கங்களும் அறக்கட்டளைகளும் நிறைய இருக்கின்றன. நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.