கணினி கண்டுகொள்ளாத இரண்டாவது டிஸ்க்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, தருமபுரியில் கணினிப் பழுது பார்க்கும் ஒருவர் பதில் அளிக்கிறார்.

பாலக்கோடு, போட்டோ ஸ்டுடியோ: அண்ணா, புதிதாக 4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டினேன். சுழலும் சத்தம் கேட்கிறது. ஆனால் சி டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. டிஸ்க் பழுதா?

பழுதில்லை தம்பி. புது டிஸ்க் என்பது அளந்து கல் நடாத மனை மாதிரி. இடம் இருக்கும், எல்லை இருக்காது. ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறவுங்கள். 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லி ஒரு பெட்டி வரும். டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்க அதில் இரண்டு முறைகள் இருக்கும். ஜிபிடி என்ற புதிய முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையான எம்பிஆர் கொடுத்தால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாமல் கிடக்கும். பிறகு கறுப்புப் பட்டையோடு தெரியும் காலி இடத்தில் வலது கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுங்கள். முடிந்ததும் 3.63 டிபி என்றுதான் காட்டும். அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் 1000 மடங்காக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 மடங்காக எண்ணுகிறது.

காவேரிப்பட்டணம், மாம்பழக்கூழ் ஆலைக் கணக்கர்: பழைய கணினி நின்றுவிட்டது. அதன் டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கணினியில் இரண்டாவதாக மாட்டினேன். ஆலைக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. செய்யலாமா?

வேண்டவே வேண்டாம் ஐயா. 'கேன்சல்' கொடுங்கள். மேலே பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொன்னது காலி டிஸ்க்குக்கு மட்டும். தகவல் உள்ள டிஸ்க்கில் இனிஷியலைஸ், ஃபார்மேட் இரண்டையும் தொடக்கூடாது. அந்தக் கேள்விக்கு அர்த்தம், 'எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை' என்பதுதான். உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்குக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பகுதி நலமாக இருந்து, சி, டி போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், வலது கிளிக் செய்து ஓர் எழுத்து கொடுத்தால் போதும், கோப்புகள் அப்படியே வரும். 'ஆஃப்லைன்' என்றால் இடப்பக்கப் பெயரில் வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுங்கள். பூட்டுப் படம் தெரிந்தால் பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் பூட்டு போட்டிருக்கிறார்கள். கடவுச்சொல் இல்லையென்றால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது இல்லாமல் என்னிடம் வந்தும் பயனில்லை.

'ரா' (RAW) என்று காட்டினால், அதாவது கோப்பு அமைப்பையே விண்டோஸால் படிக்க முடியவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது முதல் வேலை, டிஸ்க்கை முழுமையாக இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுப்பது. மீட்பு முயற்சியெல்லாம் அந்த நகலில். எடுத்த எடுப்பில் 'செக் டிஸ்க்' என்ற விண்டோஸின் பிழை திருத்தும் கருவியை ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. தள்ளாடும் டிஸ்க்கில் அதை ஓட்டினால் இருப்பதும் போகும்.

அரூர், கல்லூரி மாணவி: மதர்போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டினேன், வேகம் அருமை. ஆனால் அன்றிலிருந்து பழைய ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை சார். கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையான பயாஸிலும் இல்லை.

ஒன்று வந்தால் இன்னொன்று போகும்படிதான் பல மதர்போர்டுகள் செய்யப்படுகின்றன அம்மா. எம்.2 இடமும், கேபிள் வழியாக டிஸ்க்கை இணைக்கும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும். எந்த போர்ட் அணைந்துபோகும் என்பது போர்டின் கையேட்டில் அட்டவணையாக இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலே வந்துவிடும்.

கிருஷ்ணகிரி, கிரானைட் பட்டறை அலுவலகம்: எங்கள் டிஸ்க் ஒரு நாள் தெரிகிறது, ஒரு நாள் காணாமல் போகிறது.

வந்து வந்து போகிறது என்றாலே எனக்கு முதல் சந்தேகம் கேபிள்மேல்தான். மின்சாரத்தைத் துண்டித்துப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். டிஸ்க்கின் பின்னால் 'எல்' வடிவத்தில் இரண்டு வாய்கள் இருக்கும். சின்னது தகவலுக்கு, 7 முனை. பெரியது மின்சாரத்துக்கு, 15 முனை. இரண்டு கேபிளையும் உருவி, உங்கள் பட்டறைத் தூசியை பிரஷால் தட்டி, திரும்ப அழுத்திச் செருகுங்கள். தகவல் கேபிளின் தலையில் சின்ன உலோகக் கொக்கி இருந்தால் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். கொக்கி உடைந்த கேபிள் மின்விசிறி அதிர்விலேயே நழுவும். தகடு மூடும்போது கேபிளை நெரிக்கிறதா என்றும் பாருங்கள். புதுக் கேபிள் அதிக விலையில்லை, மாற்றிவிட்டே மேற்கொண்டு யோசிக்கலாம்.

அதன் பிறகும் போக்குக் காட்டினால், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல்தான் சந்தேகம். மஞ்சள் ஒயரில் வரும் 12 வோல்ட்தான் 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டாரைச் சுற்றுகிறது. அது தளர்ந்தால் டிஸ்க் சுற்றாது. ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் சிறிய எஸ்எஸ்டி அதே பெட்டியில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்! ஒரே ஒயரைப் பிரித்து நான்கைந்து டிஸ்க்குக்குக் கொடுத்திருந்தால் முதலில் அந்தப் பிரிப்பானைக் கழற்றுங்கள்.

ஓசூர்: யுஎஸ்பியில் ஓடிய 3.5 அங்குல வெளி டிஸ்க்கின் பெட்டியைப் பிரித்து டெஸ்க்டாப்பில் பொருத்தினேன். சுழலவே இல்லை.

இது விசித்திரமானது, ஆனால் பழுதில்லை. புதிய சாட்டா விதிப்படி மின் இணைப்பின் 3-ஆவது முனையில் 3.3 வோல்ட் வந்தால் சில டிஸ்க்குகள் அதை 'அணைந்திரு' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பழைய எஸ்எம்பிஎஸ் அங்கே 3.3 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். நான்கு முனை மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயர் போட்டால் அந்த 3.3 வோல்ட் வராது, டிஸ்க் சுழலும். அந்த ஒயரில் மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். மோசமானவை உருகித் தீப்பிடிக்கும்.

ஊத்தங்கரை: டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம். பயாஸில் பெயர் வரவில்லை. குழந்தையின் படங்கள் இருக்கின்றன.

உடனே அணையுங்கள், மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். தகவலைப் படிக்கும் தலை பழுதாகியிருக்கலாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகவல் பதிந்திருக்கும் உள்தட்டு கீறலாம். இது என் வேலையும் அல்ல. டிஸ்க்கைத் தூசியில்லா அறையில் திறக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும், செலவும் பெரிது. ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பென்னாகரம்: டிஸ்க் பழுதா, போர்டு பழுதா? சோதிக்க என்னிடம் வேறு கணினி இல்லையே அண்ணா.

டிவிடி டிரைவ் இருக்கிறதா? அதற்குப் போகும் இரண்டு கேபிள்களையும் உருவி டிஸ்க்கில் செருகுங்கள், அதே சாட்டாதான். கணினியைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். டிஸ்க்கின் பெயர் வந்தால் பழைய கேபிளோ போர்ட்டோதான் குற்றவாளி. வராவிட்டால், சி டிரைவ் கேபிள்களிலும் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அப்போது விண்டோஸ் திறக்காது, பயப்பட வேண்டாம், பயாஸில் பெயர் பார்த்தால் போதும். அங்கும் வரவில்லையென்றால் பில்லை எடுத்து வாரன்டி தேதியைப் பாருங்கள்.