புட்டியில் சிக்காத மாசு: கழிமுகக் கண்காணிப்பு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரே பாலத்தடியில் காலையில் எடுத்த நீருக்கும் மாலையில் எடுத்த நீருக்கும் நைட்ரேட் இரண்டு மடங்கு வித்தியாசம். அறிக்கையில் எதை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். பக்கத்திலேயே உப்புத்தன்மையையும் எழுதுங்கள். கழிமுகத்தில் நாம் நிற்கும் இடம்தான் ஒன்று. கீழே ஓடுவது ஒரு வேளை கடல், ஒரு வேளை ஆறு.

ஒரு கணக்கு போடுவோம். ஆற்று முனையில் உப்பு 0, நைட்ரேட் 100. கடல் முனையில் உப்பு 35, நைட்ரேட் 10. இரண்டும் சும்மா கலந்தால், உப்பு 17.5 உள்ள நீரில் நைட்ரேட் 55 இருக்க வேண்டும். 80 வந்தால் நடுவழியில் எங்கோ கழிவு இறங்குகிறது. 30 வந்தால் பாசி உறிஞ்சியிருக்கிறது, அல்லது சேற்று பாக்டீரியா அதை வாயுவாக்கி அனுப்பிவிட்டது. உப்புத்தன்மை இல்லாத கழிமுக எண்ணை நான் படிப்பதே இல்லை.

கேள்வி: விடியற்காலையில் மீன் செத்து மிதந்தது. நாங்கள் 11 மணிக்குப் போய் அளந்தால் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மி.கி. அப்படியானால் விஷம்தானே?

அவசரப்படாதீர்கள். பாசி மண்டிய நீரில் பகலில் ஆக்சிஜன் பொங்கும். இரவு முழுவதும் அதே பாசி அதை இழுத்துச் சுவாசிக்கும். சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். 2 மி.கி.க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. 11 மணிக்குப் போனவருக்கு அது தெரியவே தெரியாது.

செத்த மீன்களைப் பாருங்கள். பெரியவை முதலில் போயிருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று சந்தேகிக்கலாம். குஞ்சும் பெரியதும் ஒன்றாகச் செத்திருந்தால் விஷத்தையும் தேடுங்கள்.

மீட்டர் இல்லையென்றால், நீரில் கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள் கொண்டு அளக்கும் வின்க்லர் முறை போதும். 1888இல் வந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. குமிழி இல்லாமல் புட்டியை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் அடியில் விடுங்கள். காப்பி நிறத்தில் வீழ்படிவு திரண்டால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் டைட்ரேஷனே (சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளப்பது) வேண்டாம், நீரில் ஆக்சிஜன் இல்லை. இதைக் கரையிலேயே செய்ய வேண்டும்; ஆய்வகம் வரைக்கும் புட்டி காத்திருக்காது.

கேள்வி: கடல்நீரில் சி.ஓ.டி. ஆயிரத்துக்கு மேல் வருகிறது. மேலதிகாரி பதறுகிறார்.

அது உப்பு. சி.ஓ.டி. என்பது, நீரிலுள்ள கரிமக் கழிவை டைகுரோமேட் என்ற வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றி மதிப்பிடும் அளவு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. டைகுரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றிவிடும். அதை மறைக்கச் சேர்க்கும் மெர்குரிக் சல்பேட், லிட்டருக்கு 2 கிராம் குளோரைடு வரைதான் சமாளிக்கும். மாசை அளக்கப் பாதரசத்தைச் சாக்கடையில் ஊற்றுவது வேறு கொடுமை. மொத்தக் கரிமக் கார்பனை அளந்து கொடுங்கள்.

கேள்வி: ஐயா, நீரில் உலோகங்கள் எல்லாம் 'கண்டறிய இயலவில்லை' என்றே வருகின்றன. சுத்தம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. கழிவைத் திறந்துவிடுபவர் நாம் புட்டியோடு வரும் நேரம் பார்த்துத் திறப்பதில்லை. அங்கேயே உட்கார்ந்திருக்கும் மட்டியைக் கேளுங்கள். அது மணிக்கு ஓரிரு லிட்டர் நீரை வடிகட்டும். உலோகம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். 1975இல் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க் முன்வைத்த 'மட்டிக் கண்காணிப்பு' யோசனை இதுதான். அமெரிக்காவில் 1986 முதல் தேசியத் திட்டமாக நடக்கிறது.

ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரே அளவு ஓடு, ஒரே பருவம். முட்டையிட்டதும் சதை மெலிந்துவிடும். உலோகம் கூடாமலேயே கூடியது போலத் தெரியும். பிடித்தவுடன் அரைக்கவும் கூடாது. ஒரு நாள் சுத்தமான கடல்நீரில் விட்டால் குடலில் இருக்கும் சேறு வெளியேறும். ஆரம்ப நாட்களில் நான் இதைச் செய்யாமல் இரும்பு அளவைப் பார்த்து அலறியிருக்கிறேன். நான் அளந்தது சேற்றை. அப்புறம், சிப்பியையும் மட்டியையும் ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். சிப்பி துத்தநாகத்தையும் தாமிரத்தையும் இயல்பாகவே பல மடங்கு சேர்க்கும்.

கேள்வி: உடம்பில் சேர்ந்தால் சேரட்டும். கெடுதல் நடந்ததா என்று எப்படித் தெரியும்? எங்களிடம் பெரிய கருவி இல்லை.

நல்ல கேள்வி. முதலில் செலவில்லாத வழி. இரண்டு இடத்து மட்டிகளை எடுத்து, நீரில்லாமல், ஈரப்பதமான பெட்டியில் ஒரே வெப்பநிலையில் வையுங்கள். தினமும் எண்ணுங்கள். வாய் பிளந்ததைத் தட்டிப் பாருங்கள், மூடவில்லையென்றால் செத்துவிட்டது. ஏற்கெனவே மாசில் தவித்தவை முன்னதாகப் போகும்.

கருவி இல்லாமல் கண்ணில் பட்ட பாதிப்பு வரலாற்றிலேயே உண்டு. 1970களின் பிற்பகுதியில் பிரான்ஸின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடு தடித்து உருண்டையானது. இங்கிலாந்துக் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்தது. அது முட்டைக் குழாயை அடைத்து, இனப்பெருக்கமே நின்றது. காரணம், படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசிய வண்ணத்தில் இருந்த டிரைபியூட்டைல் டின். லிட்டருக்கு ஒரு நானோகிராம், அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, போதுமாயிருந்தது. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்குத் தடை போட்டது. கப்பல்களுக்கான உலக ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றைய சாதாரண நீர்ப் பரிசோதனைக்குச் சிக்காததை நத்தை காட்டிக்கொடுத்தது.

கேள்வி: எந்த பயோமார்க்கரைத் தேர்ந்தெடுக்கலாம் அண்ணா? ஆய்வேட்டுக்கு.

பயோமார்க்கர் என்பது, உயிரியின் உடலில் மாசின் தாக்கத்தைக் காட்டும் அடையாளம். எதைச் சந்தேகிக்கிறீர்களோ அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். பூச்சிக்கொல்லி என்றால் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நரம்பு நொதி. உலோகம் என்றால், அதைப் பிடித்துவைக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதம். ஹார்மோன் குழப்பம் என்றால் ஆண் மீனின் ரத்தத்தில் வைட்டலோஜெனின் — அது முட்டைக் கருவுக்கான புரதம், ஆணிடம் அதற்கு வேலையே இல்லை. எண்ணெய்க்கு ஈரலில் ஈ.ஆர்.ஓ.டி. என்ற நொதியின் செயல்பாட்டைப் பார்ப்பார்கள். அதில் ஒரு பொறி உண்டு: மாசு மிகக் கடுமையானால் அந்த நொதியே முடங்கி அளவு குறையும், நீங்கள் சுத்தம் என்று எழுதிவிடுவீர்கள். ஒரே ஒரு மார்க்கரை நம்பி ஆய்வேடு எழுதாதீர்கள்.

கேள்வி: சேற்றில் புழுக்கள் முன்பைவிடப் பத்து மடங்கு. சூழல் தேறிவருகிறதா?

எத்தனை இனம் என்று எண்ணினீர்களா? பத்து மடங்கும் காபிடெல்லா என்ற சிவப்பு நூல் போன்ற புழுவாக இருந்தால், கரிமக் கழிவு குவிகிறது என்று அர்த்தம். சேற்றை வெட்டிப் பாருங்கள்: மேலே பழுப்புப் படலம் காகிதம் போல மெல்லியதாகி, கீழே கறுப்பும் அழுகிய முட்டை நாற்றமும் இருக்கும். இன்னொரு பக்கம், கழிமுகத்தின் நடுப்பகுதியில் இயல்பாகவே இனங்கள் குறைவு. அதனால் அதே உப்புத்தன்மை உள்ள, மாசில்லாத இடத்தோடு ஒப்பிடுங்கள். போன தடவை எந்தக் கண்ணளவு சல்லடையோ, அதையே பயன்படுத்துங்கள். 1 மி.மீ.யிலிருந்து 0.5க்கு மாறினாலே எண்ணிக்கை எகிறிவிடும்.

கேள்வி: கடலில் குளிக்க ஏற்றதா என்று பார்க்க ஈ.கோலை போதுமா?

என்டரோகாக்கஸைப் பாருங்கள். இரண்டும் மலக் கழிவு கலந்ததைக் காட்டும் குடல் பாக்டீரியா. உப்பிலும் வெயிலிலும் ஈ.கோலை சீக்கிரம் செத்துவிடும். என்டரோகாக்கஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.