மூடிய டின்னுக்குள் பயறு வண்டு எப்படி வந்தது?

சுங்கை சிப்புட் அருகே தோட்டக் குடியிருப்பில் வசிக்கும் வாசகி ஒருவர், கொல்லையில் விளைந்த பயத்தங்காயைக் கொடியிலேயே காயவிட்டு, விதைகளை உரித்து மைலோ டின்னில் இறுக மூடி வைத்தாராம். ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது, ஓட்டை விழுந்த விதைகளுக்கிடையே பழுப்பு நிற வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மூடியைத் தாண்டி அவை எப்படி நுழைந்தன, மீதியைச் சமைக்கலாமா, விதைக்கலாமா என்று கேட்கிறார்.

வண்டு டின்னுக்குள் நுழையவில்லை, கொல்லையிலிருந்து விதையோடு விதையாக வந்திருக்கிறது. பயறு வண்டு, காய்ந்துவரும் நெற்றின் மீதே முட்டையிடத் தொடங்கிவிடும். நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில் முட்டை வண்டாக மூன்று, நான்கு வாரங்களே போதும் என்பதால், உங்கள் ஒரு மாதக் கணக்கு சரியாகவே பொருந்துகிறது.

விதை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோலின் மேல் உப்புக்கல் ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பொரிந்த முட்டையின் ஓடு. புழு அதன் அடிப்பக்கமாகவே விதைக்குள் துளைத்துச் சென்றுவிட்டது, அது வெளித்தள்ளிய தூள் நிரம்பியதால்தான் ஓடு வெளுத்திருக்கிறது. புதிதாக இட்ட முட்டையோ கண்ணாடிபோல் இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. எனவே ஓட்டையில்லாத விதையெல்லாம் நல்ல விதை என்று நம்பிவிட முடியாது. தின்று தீர்ப்பதெல்லாம் இந்தப் புழுதான். வண்டுக்கு இரை தேவையே இல்லை, இரண்டு வாரம்போல் வாழ்ந்து, விதைகளில் முட்டைகளை ஒட்டிவிட்டு மடிந்துவிடும்.

முட்டையையும் புழுவையும் கொல்ல, பிற்பகல் மழை பெய்யும் நம் ஊரில் வெயிலை நம்பிக் காயப்போடுவதைவிட, நன்கு காய்ந்த விதையைப் பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர் விட்ட பிறகு திறந்தால்தான் விதையில் ஈரம் கோக்காது. பிறகு பிளாஸ்டிக் புட்டியில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். பாதி காலியான டின்னில் வண்டுக்குப் போதிய காற்று இருந்துவிடுகிறது. உறைபெட்டி இல்லாதவர்கள் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயைப் பிசறி வைக்கலாம். முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும், ஆனால் ஏற்கெனவே உள்ளே போன புழுவுக்கு அது போதாது.

இந்த வண்டில் நஞ்சு இல்லை. நாலைந்து ஓட்டை விதைகளைப் பொறுக்கிவிட்டுச் சமைக்கலாம். தூளும் முடை நாற்றமும் மிகுந்திருந்தால் கொட்டிவிடுங்கள். ஓட்டை விதை சில சமயம் முளைக்கும் என்றாலும் நாற்று நோஞ்சானாகவே வரும் என்பதால், அதை விதைக்க வேண்டாம். அடுத்த முறை நெற்று பழுத்து நிறம் மாறியவுடனே பறித்து, வீட்டுக்குள் காயவையுங்கள்.