18 மாதத்தில் பொறியியல் பட்டமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த எனக்கு வயது 30. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. ஏழு வருடங்களாகக் கட்டாரில் கட்டட மின்வேலை செய்கிறேன், இப்போது ஃபோர்மன். ஊர் திரும்பிப் பொறியியல் படிக்க விரும்புகிறேன். குடிசார், மின், இயந்திரம் ஆகியவற்றில் எதை எடுப்பது? குடிசாருக்குத்தான் எதிர்காலம், 18 மாதத்தில் வெளிநாட்டுப் பட்டம் பெறலாம் என்று ஒரு கல்வி முகவர் சொல்கிறார்.

பதில்: மின் பொறியியலை எடுங்கள் தம்பி. 18 வயதுப் பிள்ளை இதைக் கேட்டிருந்தால், உனக்கு எது பிடிக்கும் என்று திருப்பிக் கேட்டிருப்பேன். உங்கள் நிலை வேறு. கேபிள் இழுத்து, விநியோகப் பலகை பூட்டி, வரைபடம் பார்த்து ஆட்களை வேலை வாங்கிய ஒருவர், அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு ஏன் கொங்கிரீட்டிலிருந்து தொடங்க வேண்டும்? படித்து முடிக்கும்போது உங்களுக்கு 36, 37 ஆகிவிடும். பட்டமும் அனுபவமும் ஒரே துறையில் இருந்தால்தான் வேலை தருபவர் இரண்டையும் சேர்த்து எடைபோடுவார். இல்லாவிட்டால் நேற்றுப் பட்டம் வாங்கிய பையனோடு ஒரே வரிசையில் நிற்பீர்கள்.

குடிசார் மீது நம் பக்கத்தவருக்கு இருக்கும் மோகம் எனக்குப் புரிகிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் முதல் சுனாமிக்குப் பின்னான வீடுகள், வீதிகள் வரை, மட்டக்களப்பும் அம்பாறையும் கண்ட பொறியியலாளர்களில் பெரும்பாலானோர் குடிசார்க்காரர்கள்தான். ஆனால் அரச பொறியியலாளர் சேவைக்கு வயதெல்லை இருக்கிறது. உங்கள் வயதில் அந்தக் கனவை விட்டுவிடுங்கள். தனியார் கட்டுமானமோ 2022 நெருக்கடியில் எப்படி முடங்கிப் போனது என்று ஊரில் எந்த மேசனைக் கேட்டாலும் சொல்வார். இயந்திரப் பொறியியல், பெரிய குளிரூட்டித் தொகுதிகளில் வேலை செய்தவர்களுக்குப் பொருந்தும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

மின் பொறியியலில் கணிதம் கடினம் என்று பயமுறுத்துவார்கள். கடினம்தான். ஆனால் முதலாம் ஆண்டுக் கணிதம் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குடிசாருக்குப் போய் அதிலிருந்து தப்ப முடியாது.

இனி அந்த முகவர். பிரசுரத்தில் 'யூ.ஜி.சி. அங்கீகாரம்' என்று கொட்டை எழுத்தில் இருந்திருக்குமே? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்கிறது என்றால், அது சர்வதேசப் பட்டியலில் உள்ள உண்மையான பல்கலைக்கழகம் என்பதுதான் பொருள். அங்கே படித்தவர் பொறியியலாளர் என்று அதற்குப் பொருளில்லை. அதைத் தீர்மானிப்பது இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 முதல் அது முழு உறுப்பினர். அந்த உடன்படிக்கை ஏற்பது நான்கு வருடப் பொறியியல் பட்டத்துக்குச் சமமான படிப்பை. 2017ஆம் ஆண்டின் பொறியியல் பேரவைச் சட்டமும் பொறியியலாளர், டிப்ளோமாக்காரர், தொழில்நுட்பவியலாளர் என்று தனித்தனி வகையாகவே பதிகிறது. கட்டாரிலும் பொறியியலாளர் என்ற பெயரில் வேலை செய்யப் பதிவு வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே முகவரிடம் கேட்காதீர்கள். அவருக்கு ஆள் சேர்த்தால் தரகு. பட்டத்தின் முழுப் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதி, இதை வைத்து இணை உறுப்பினராகச் சேரலாமா என்று பொறியியலாளர் நிறுவனத்திடமே கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை பதிவுக் கட்டணம் என்று ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கொடுத்தது திரும்பி வராது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத ஊர்க்காரர் நாம், பட்டத்தை மட்டும் பிரசுரத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

குடிசாரை எடுக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே ஆள், குடும்பத்தில் ஒப்பந்தத் தொழில் இருப்பவர். தகப்பனோ மாமனாரோ நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரராக இருந்தால் கணக்கே மாறிவிடும். அங்கே தரம் உயர உயரத் தகைமையுள்ள தொழில்நுட்ப ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தால் பட்டம் முதல் நாளே சோறு போடும். ஆனால் தொழில் உண்மையில் ஓட வேண்டும். பதிவு காலாவதியாகி, கொங்கிரீட் மெஷின் முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்தால் அது தொழிலல்ல. அண்ணன் தம்பிகளுக்குள் யார் நடத்துவது என்ற பேச்சும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். பட்டத்தோடு வந்து தம்பியிடம் சம்பளம் கேட்டு நிற்கும் நிலை வந்துவிடக் கூடாது. மைத்துனரின் தொழில் என்றால் இன்னும் யோசியுங்கள்.

எங்கே படிப்பது? ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது. களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் உங்களை எடுக்காது. அந்த வாசல் உயர்தர வெட்டுப்புள்ளிக்கு மட்டும்தான் திறக்கும்; ஏழு வருடம் கையால் வேலை கற்றவனுக்கு அங்கே ஒரு விண்ணப்பப் படிவம்கூட இல்லை. என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமை ஏழாம் மட்டம்வரை ஏறிப் பட்டமாகும் என்று தாளில் அழகாகப் படி கட்டியிருக்கிறார்கள். நடைமுறையில் ஒரு மட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை அலுவலகங்கள், எத்தனை 'அடுத்த மாதம் வாருங்கள்'! தொழிற்கல்வியின் பெருமையை மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை அந்த வரிசையில் நின்று பார்க்கட்டும்.

உங்களுக்குப் பொருந்துவது திறந்த பல்கலைக்கழகம். மட்டக்களப்பில் அதற்குப் பிராந்திய நிலையம் உண்டு, வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆய்வுகூட வேலைக்குக் கொழும்புப் பக்கம் நாவலையிலுள்ள அதன் தலைமையகத்துக்குப் போக வேண்டியிருக்கும், படிப்பு ஆங்கிலத்தில், வேலையோடு படித்தால் நான்கு வருடத்தில் முடியாது. வீட்டாரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

கட்டாரை விட்டுப் புறப்படும் முன் கம்பனியிடம் சேவைக் கடிதம் கேளுங்கள். 'நன்றாக வேலை செய்தார்' என்ற ஒற்றை வரி உதவாது. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, என்ன பதவியில், எந்த வகை மின்வேலை, எத்தனை பேரை மேற்பார்வை செய்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊருக்கு வந்த பிறகு கடிதம் எடுக்க முயன்றால், மனிதவளப் பிரிவில் உங்களைத் தெரிந்த ஒருவரும் இருக்கமாட்டார்.