பிரித்து மாட்டக்கூடிய ரயில் மேடை

கேள்வி: வாடகை வீட்டில் வசிக்கிறேன். எச்.ஓ. எனப்படும் 1:87 அளவிலான மாதிரி ரயிலுக்கு, வீடு மாறும்போது உடைக்காமல் எடுத்துச் செல்லும்படி மேடை அமைப்பது எப்படி?
- வாசகர், வேளச்சேரி

பதில்: மேடையை நான்கடிக்கு இரண்டடிப் பகுதிகளாகச் செய்யுங்கள், அந்த அளவென்றால் இருவர் சேர்ந்து மாடிப்படியில் திருப்பி இறக்கிவிடலாம். சென்னையின் ஈரக்காற்றில் சாதாரணப் பலகை வளைந்துவிடும் என்பதால், 12 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட்டில் சட்டம் அமைத்து, அறுத்த ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசுவது அவசியம்.

உண்மையான வேலை இணைப்பில்தான் இருக்கிறது. அடுத்தடுத்து வரும் இரு பகுதிகளின் முனைப்பலகைகளைச் சேர்த்து வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டிலும் ஒரே நேரத்தில் துளையிட வேண்டும். தனித்தனியே அளந்து துளையிட்டால் ஏற்படும் சிறு விலகல்கூட, 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில் பெட்டியைத் தடம் புரளச் செய்யக்கூடும். பலரும் போல்ட்டையே நம்பிவிடுகிறார்கள். போல்ட்டின் வேலை இறுக்குவது மட்டுமே. பகுதிகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்பதற்கு, துளையில் ஆட்டமின்றிப் பொருந்தும் இரண்டு பித்தளை முளைகள் தேவை.

தண்டவாளத்தை இணைப்பின் மேல் ஒரே நீளமாகப் பதித்து, இணைப்பின் இரு ஓரங்களிலும் பலகையில் இறக்கிய பித்தளைத் திருகாணிகளின் தலையோடு சால்டரிங் செய்து பிடித்த பிறகே, இணைப்புக் கோட்டில் மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். தடம் மாற்றும் அமைப்பு எதையும் இணைப்பின் மேல் வைக்காதீர்கள். மின்கம்பிகளைப் பகுதிவாரியாகப் பிரித்து, பிளக்கில் முடித்துவிடுங்கள்.