கட்டண டைரக்டரிகளில் லிங்க் வாங்கினால் கூகுள் தண்டிக்குமா?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தேடலில் உங்கள் தளத்தை மேலே கொண்டுவர நீங்கள் அமர்த்திய ஏஜென்சிக்காரர், பணம் கட்டி அதைப் பல வெப் டைரக்டரிகளில், அதாவது தளங்களை வகைவாரியாகப் பட்டியலிடும் தளங்களில், சேர்த்திருக்கிறார், அது தவறா? தேடலில் இருந்து வரும் ட்ராஃபிக் சரிந்திருக்கிறது. காரணம் அந்த லிங்குகள்தானா? இப்போது ஒரு டைரக்டரிக்காரர் லிங்கை நீக்கவே பணம் கேட்கிறார், கொடுக்கலாமா? என் பதில்: இருக்கலாம், அநேகமாக இல்லை, கொடுக்கவே கொடுக்காதீர்கள். எஸ்ஈஓ, அதாவது தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலையிலேயே இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

காசு கொடுத்ததே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தக் காசுக்கு என்ன வாங்கினீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1994இல் ஜெரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தொடங்கிய யாகூ டைரக்டரி, பிற்பாடு வணிகத் தளங்களிடம் ஆண்டுக்கு 299 டாலர் வாங்கியது. அது லிங்குக்கான விலை இல்லை. டைரக்டரியின் பதிப்பாசிரியர் ஒருவர் உங்கள் தளத்தைத் திறந்து பார்த்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கான கட்டணம். அவர் வேண்டாம் என்றால் போட்ட பணம் போனதுதான். 1998இல் வந்த ஓப்பன் டைரக்டரி, அதாவது டிமாஸ், காசே வாங்கவில்லை. தன்னார்வலர்கள் பார்த்துச் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து பதிலே வராதவர்கள் ஏராளம். கூகுள் நடத்திய டைரக்டரியே டிமாஸின் பட்டியலை எடுத்துப் போட்டதுதான். இந்த இரண்டு இடங்களிலும் உங்கள் தளத்தைச் சேருங்கள் என்று தளம் நடத்துபவர்களுக்கான கூகுளின் வழிகாட்டுதலிலேயே ஒரு காலத்தில் எழுதியிருந்தது.

காரணம் எளிது. ஒரு தளம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் லிங்கை ஓட்டாக எண்ணி மதிப்புப் போடுவதுதான் கூகுளின் பேஜ்ரேங்க் கணக்கு. டைரக்டரி ஆசிரியர் பார்த்துச் சேர்த்த லிங்க், யோசித்துப் போட்ட ஓட்டு.

அப்புறம் போலிகள் வந்தன. பிஎச்பி லிங்க் டைரக்டரி என்று ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. சர்வரில் ஏற்றினால் சிறிது நேரத்தில் ஒரு டைரக்டரி தயார். ஆயிரக்கணக்கானவர்கள் ஏற்றினார்கள். அதன் படிவம் எனக்கு மனப்பாடம். மேலே ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று வட்டங்கள்: ஃபீச்சர்டு (முன்னிலைப்படுத்தும்) லிங்க், ரெகுலர் லிங்க், பதிலுக்கு நீங்களும் எங்களுக்கு லிங்க் கொடுத்தால் இன்னொரு வகை. முதல் வட்டத்தைத் தேர்ந்தால் கீழே கூடுதல் பெட்டிகள் திறக்கும். உங்கள் தளத்தின் உள்பக்க முகவரிகளையும், ஒவ்வொன்றுக்கும் எந்தச் சொல்லில் லிங்க் கொடுக்க வேண்டும் என்பதையும் அங்கே எழுதலாம். இங்கேதான் குட்டு வெளிப்படுகிறது. வாசகருக்காக நடத்தப்படும் பட்டியலுக்கு நிறுவனத்தின் பெயர் போதும். "குறைந்த வட்டிக் கடன்" என்ற சொல்லில்தான் லிங்க் வேண்டும் என்று காசு கொடுத்தவரே எழுதிக் கொடுப்பது தேடுபொறிக்காக மட்டும்தான். சேர்ந்த பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: ஒரு பல் மருத்துவமனை, அடுத்து ஓர் ஆன்லைன் சூதாட்டத் தளம், அதற்கடுத்து எடை குறைக்கும் மாத்திரை, நடுவில் நீங்கள்.

பிரவுசரில் போட்டுக்கொள்ளும் கூகுள் டூல்பாரில் 0 முதல் 10 வரை பேஜ்ரேங்கைக் காட்டும் பச்சைப் பட்டை இருந்த காலம் அது. டைரக்டரிகள் விலை வைத்ததே அந்தப் பட்டையைப் பார்த்துத்தான். எல்லார் கண்ணிலும் படும்படி மதிப்பெண் போட்டால் சந்தை உருவாகத்தானே செய்யும்! பட்டையை கூகுள் 2016இல்தான் ஒழித்தது. என்னைக் கேட்டால் பத்து ஆண்டு தாமதம்.

கூகுள் கை வைக்கத் தொடங்கியது அதற்கு வெகுமுன்பே. 2002இல் சர்ச்கிங் என்ற அமெரிக்க நிறுவனம், பேஜ்ரேங்க் அதிகமுள்ள தளங்களில் விளம்பர லிங்குகளை விற்றுத்தரும் தரகு வேலையில் இறங்கியது. அதன் பேஜ்ரேங்க் திடீரென்று விழுந்தது. ஓக்லஹோமாவில் வழக்குப் போட்டார்கள். பேஜ்ரேங்க் என்பது கூகுளின் கருத்து, கருத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி 2003இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. "கோர்ட்டுக்குப் போகலாமா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

2005 ஜனவரியில் நோஃபாலோ என்ற குறி வந்தது. லிங்கில் அந்தக் குறி இருந்தால் அதை ஓட்டாக எண்ண வேண்டாம் என்று பொருள். 2007இல் கூகுளின் ஸ்பேம் (தேடலை ஏமாற்றும் குப்பை) தடுப்புக் குழுவின் தலைவராக இருந்த மேட் கட்ஸ், விலைக்கு விற்கப்படும் லிங்குகளைப் புகார் செய்யுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். அதே ஆண்டில் பல டைரக்டரிகளின் பச்சைப் பட்டை சுருங்கியது. டைரக்டரிகளில் சேருங்கள் என்ற வரி 2008இல் வழிகாட்டுதலில் இருந்து காணாமல் போனது. இன்றைய ஸ்பேம் கொள்கையில் தரம் குறைந்த டைரக்டரி லிங்க் என்பது லிங்க் ஸ்பேமுக்கான உதாரணங்களில் ஒன்று.

2012 ஏப்ரல் 24 அன்று வந்த பென்குவின்தான், அதாவது குப்பை லிங்குகளைக் குறிவைத்த கூகுளின் அல்காரிதம்தான், எல்லாரையும் உலுக்கியது. ஆங்கிலத் தேடல்களில் ஏறக்குறைய 3.1 சதவீதம் பாதிக்கப்படும் என்று கூகுளே சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் குப்பை லிங்குகளை எல்லாம் நீக்கிய பிறகும், கூகுள் அடுத்த முறை பென்குவினை ஓட்டும்வரை காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபருக்கும் 2016 செப்டம்பருக்கும் இடையில் அந்தக் காத்திருப்பு இரண்டு ஆண்டை நெருங்கியது. தொழிலையே மூடியவர்கள் உண்டு. இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் பயமெல்லாம் அந்த நான்கு ஆண்டுகளில் பிறந்தது.

2016 செப்டம்பரில் வந்த பென்குவின் 4.0இல் நிலைமை மாறியது. கெட்ட லிங்க் இருந்தால் தளத்தைக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக, அந்த லிங்கை மட்டும் மதிப்பில்லாமல் ஆக்கிவிடுவது, அதுவும் உடனுக்குடன். 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரெயின் என்ற அமைப்பையும் இதற்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். லிங்க் வாங்கும் தளம், விற்பதற்கென்றே நடக்கும் தளம் இரண்டையும் அது கண்டுபிடிக்கும். ஆக, இன்று மட்டமான டைரக்டரியில் காசு கட்டினால் பெரும்பாலும் நடப்பது தண்டனை இல்லை. எதுவுமே நடக்காது. காசு தண்டம், அவ்வளவுதான்.

"அப்படியென்றால் என் ட்ராஃபிக் ஏன் விழுந்தது?" என்பீர்கள். முதலில் தளம் நடத்துபவர்களுக்கு கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலைத் திறந்து மேனுவல் ஆக்‌ஷன் பக்கத்தைப் பாருங்கள். கூகுளில் வேலை செய்யும் ஒரு மனிதர் பார்த்துப் போடும் தண்டனை அங்கேதான் இருக்கும். "உங்கள் தளத்துக்கு வரும் இயல்பற்ற லிங்குகள்" என்ற பொருளில் அறிவிப்பு இருந்தால், ஆம், தண்டனைதான். டைரக்டரி நடத்துபவருக்கு வருவது இதன் மறுபக்கம்: உங்கள் தளத்தில் இருந்து போகும் இயல்பற்ற லிங்குகள். சிக்கல் எதுவும் இல்லை என்று பச்சைக் குறி இருந்தால், லிங்குக்காக யாரும் உங்களைத் தண்டிக்கவில்லை.

பச்சைக் குறியைப் பார்த்த பிறகும் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, ஏஜென்சிகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது. வாங்கிய லிங்குகள் சில காலம் வேலை செய்து தளத்தை மேலே தூக்கியிருக்கலாம். பிறகு கூகுள் அவற்றை எண்ணுவதை நிறுத்தியிருக்கும். தளம் இறங்கும். பார்க்கிறவருக்குத் தண்டனை மாதிரியே தெரியும். உண்மையில் முட்டுக்கொடுத்த கம்பை உருவிவிட்டார்கள். இந்த நிலையில் டிஸ்அவோ கோப்பு, அதாவது இந்த லிங்குகளை எண்ண வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் பட்டியல், ஏற்றுவதால் ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே எண்ணப்படாத லிங்கை எண்ண வேண்டாம் என்று மனுப் போடுவது அது. அதைவிட மோசம், ஏதோ ஒரு கருவி சிவப்பு நிறத்தில் காட்டியதை எல்லாம் அள்ளிப் போட்டு, நல்ல லிங்குகளையும் சேர்த்து வெட்டிவிடுவது. அப்படிச் செய்துவிட்டு என்னிடம் வந்த தளங்களும் உண்டு. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் 2023இல் தன் டிஸ்அவோ வசதியையே எடுத்துவிட்டது. அந்த அளவுக்கு அதன் தேவை குறைந்துவிட்டது.

லிங்குகளே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். விழுந்த தேதியை எடுத்து, கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டில் அந்த வாரம் ஏதாவது கோர் அப்டேட் (தேடல் வரிசைக் கணக்கில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) ஓடியதா என்று பாருங்கள். பிறகு சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் உங்கள் நிறுவனப் பெயரை வைத்துத் தேடி வருபவர்களைத் தனியாகவும் மற்றவர்களைத் தனியாகவும் பிரித்துப் பாருங்கள். தேடலில் தெரிவது குறையாமல் கிளிக் மட்டும் குறைந்திருந்தால் கதையே வேறு. புதிய வடிவமைப்பு போட்டபோது பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியை டெவலப்பர் எடுக்க மறந்ததுகூட இருக்கும். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கும்.

மேனுவல் ஆக்‌ஷன் நிஜமாகவே இருந்தால் வேலை இருக்கிறது. கன்சோலில் இருந்து லிங்குகளின் பட்டியலை இறக்கி, காசு கொடுத்து வாங்கியவற்றை அடையாளம் காணுங்கள். ஏஜென்சியிடம் அவர்கள் சேர்த்த டைரக்டரிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பில் கொடுத்தவர்களிடம் அது இல்லாமல் இருக்காது. டைரக்டரிகளுக்கு எழுதி நீக்கச் சொல்லுங்கள், அல்லது நோஃபாலோ போடச் சொல்லுங்கள். பதில் வராத தளங்களை டிஸ்அவோ கோப்பில் போடுங்கள். அது சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. வரிக்கு ஒன்றாக, முன்னால் "டொமைன்" என்று ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளி வைத்துத் தளத்தின் பெயர். தனித்தனிப் பக்க முகவரிகளாக எழுதாதீர்கள். டைரக்டரிகளில் ஒரே லிங்க் பல வகைப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும். பிறகு தண்டனையை நீக்கக் கேட்டு கூகுளுக்கு மறுபரிசீலனை மனு. படிப்பவர் மனிதர். என்ன நடந்தது, எதை நீக்கினீர்கள், இனி என்ன செய்ய மாட்டீர்கள் என்று நேராக எழுதுங்கள். "போட்டியாளர் செய்த சதி" என்று ஆரம்பிக்கும் மனுக்களை அவர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குப் படித்திருப்பார்கள்.

இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. 2012 ஜனவரியில் கூகுள் தன் சொந்த குரோம் பிரவுசர் பக்கத்தையே குறைந்தது 60 நாளுக்குக் கீழே இறக்கியது. விளம்பரப் பிரச்சாரம் ஒன்றில் பணம் வாங்கிக்கொண்டு எழுதிய பதிவில் நோஃபாலோ இல்லாத சாதாரண லிங்க் போய்விட்டது என்பதுதான் காரணம். கூகுள் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸ் 2015இல் மினுசின்ஸ்க் என்ற அல்காரிதத்தை லிங்க் வாங்குபவர்களுக்காகவே கொண்டுவந்தது.

இனிமேல் எந்த டைரக்டரியிலும் சேரக்கூடாதா என்றால், சேரலாம். நாளைக்கே தேடுபொறிகள் எல்லாம் மூடிவிட்டாலும் அந்த டைரக்டரிக்கு ஆட்கள் வருவார்களா? உங்கள் துறையின் சங்கப் பட்டியல், வாடிக்கையாளர்கள் நிஜமாகவே போய்த் தேடும் தளம் என்றால் காசு கொடுத்தாவது சேருங்கள். அது விளம்பரச் செலவு. லிங்கில் நோஃபாலோவோ, காசு வாங்கிய லிங்க் என்று காட்ட 2019இல் வந்த ஸ்பான்சர்டு குறியோ இருந்தால் கூகுளுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. குறி போடும் டைரக்டரியைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்தால், நீங்கள் வாங்க வந்தது வேறு சரக்கு.

கடைசியாக அந்தப் பணம் கேட்கும் ஆள். பென்குவின் வந்த பிறகு முளைத்த உபதொழில் இது: லிங்க் போட ஒரு கட்டணம், எடுக்க ஒரு கட்டணம். ஒருவருக்குக் கொடுத்தால், அதே ஆள் வேறு பெயரில் நடத்தும் டைரக்டரிகளில் இருந்தும் மின்னஞ்சல் வர ஆரம்பிக்கும். மேனுவல் ஆக்‌ஷன் இல்லையென்றால் பதிலே போடாதீர்கள். இருந்தால், அந்த டொமைனை டிஸ்அவோ கோப்பில் ஒரு வரியாகச் சேருங்கள். டிஸ்அவோ வசதி இருப்பதே இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். அவர் அனுப்பிய மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதன் நகலை ஒரு ஆன்லைன் ஆவணத்தில் போட்டு, முகவரியை மறுபரிசீலனை மனுவில் கொடுங்கள். நீக்க முயன்றீர்கள், பணம் கேட்டார்கள் என்பதற்கு அதுவே சான்று.